டிக்கியில் ஒரு கண்ணாடி ஜன்னல்

ஜூன் 17, செவ்வாய்

மகராஜன் அண்ணாச்சியின் வெள்ளைக் கார் இன்று கடைக்கு வந்தது. நான் பள்ளி விட்டு வந்தபோது அப்பா ஏற்கனவே டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி டயரை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்.

செங்கோட்டைச் சாலையில் முன்பக்கம் எங்கள் கடை, பின்பக்கம் வீடு. கார்களுக்குப் பாட்டுப் பெட்டி பொருத்துவது அப்பாவின் தொழில். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் நிறைய வண்டிகள் வரும். ஆனால் அண்ணாச்சி கேட்டது சாதாரண வேலை இல்லை. டிக்கிக்குள் மரப்பெட்டி செய்து, அதில் இரண்டு வூஃபர் ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் வைத்து, முன்னால் நகைக்கடை ஷோகேஸ் மாதிரி அக்ரிலிக் ஷீட்டில் ஒரு ஜன்னல். உள்ளே நீல விளக்கு. டிக்கியைத் தூக்கினால் எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும்.

"இந்த வயசுல இம்புட்டுப் பாட்டு என்னத்துக்கு அண்ணாச்சி?" என்று காப்பி கொடுக்கும்போது அம்மா கேட்டாள்.

"எனக்கா கேக்கேன்? தொறந்து பாக்கவனுக்குல்லா கோமதி. வாயப் பொளந்துட்டு நிக்கணும். வேற ஒண்ணும் கேக்கத் தோணக்கூடாது."

அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அண்ணாச்சி போன பிறகு சாப்பிடவும் இல்லை.

இதில் மறைத்து எழுத ஒன்றுமில்லைதான். ஆனாலும் இருவரும் தூங்கிய பிறகு, போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஜூன் 19, வியாழன்

வேதியியல் புத்தகம் இன்னும் வரவில்லை. அப்பா பிளைவுட்டை அறுத்துவிட்டார். முதுகு வலி என்றார். தைலம் தேய்த்துவிட்டேன்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று முழுவதும் கடையில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு அங்கேதான் வேலை. அக்ரிலிக் ஷீட்டின் இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியிருக்கும். அதோடு சேர்த்து அப்பா அறுத்துக் கொடுத்தால், ஓரங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் பொறுப்பு. தேய்த்த ஓரம் பால்போல வெள்ளையாக இருக்கும். அப்பா காஸ் பர்னரின் நெருப்பை அதன் மேல் ஒரே சீராக ஓட்டுவார். நெருப்பு பட்ட இடமெல்லாம் தண்ணீர் மாதிரி தெளிந்துவிடும். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அது அலுப்பதில்லை.

"தீ பட்ட ஓரத்துல பெயின்ட் தின்னர் பட்டுதுன்னு வையி, அவ்வளவுதான்" என்றார். "ஒரு ராத்திரில விரிசல் விட்டுப் பல்லிளிச்சிரும். கடையநல்லூர்க்காரன் ஒருத்தன் கண்ணாடி மினுங்கட்டும்னு தின்னர்ல தொடச்சிட்டு, என் கண்ணாடி சரியில்லன்னு எங்கிட்டயே சண்டைக்கு வந்தாம்லா."

"நீங்க என்ன சொன்னிய?"

"மூஞ்சியையும் அதுலயே தொடச்சிக்கிடும்னேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். இந்த மாதத்தில் அப்பா சிரித்தது இதுதான்.

பிறகு இன்னொரு ஷீட்டை எடுத்தார். அது முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி பளபளக்கிற அக்ரிலிக். பெட்டியின் பின்சுவரில் அதைப் பொருத்த வேண்டும். எதற்கு என்று கேட்டேன்.

"உள்ள ஆழமாத் தெரியும்."

"டிக்கியே ஆழமாத்தானப்பா இருக்கு? பெட்டிய நல்லாப் பின்னால தள்ளி வச்சா..."

"வாய மூடிட்டு வேலையப் பாருட்டி!"

அப்பா என்னை இப்படி அதட்டியதில்லை. கையிலிருந்த உப்புத்தாள் கீழே விழுந்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவரே உள்ளே போய் டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். சர்க்கரை போட மறந்திருந்தார். நான் குடித்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

காலையில் பிரார்த்தனைக் கூட்டத்தில் போதை ஒழிப்பு நாள் என்று எல்லோரும் வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தோம். வெயில் இல்லாததால் யாரும் மயங்கி விழவில்லை.

மாலையில் அப்பா கார்பெட் வாங்கத் தென்காசிக்குப் போயிருந்தார். பெட்டிக்கு வைத்திருந்த திருகாணி ஒன்று உருண்டு காரின் பின்சீட்டுக்கு அடியில் போய்விட்டது. எடுக்க ஏறினேன். சீட்டின் சாய்மானம் ஆடியது. தள்ளினேன், மடங்கிவிட்டது.

அதற்குப் பின்னால் புதிதாகத் தகரத்தில் ஒரு அறை. ஒரு ஆள் கையை முழுக்க உள்ளே நீட்டுகிற அளவுக்கு ஆழம் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. பெயின்ட் வாசனை மட்டும். அதன் மறுபக்கம்தான் அப்பா பொருத்திய முகக்கண்ணாடியின் முதுகு.

டிக்கிப் பக்கம் போய் ஜன்னல் வைக்கிற இடத்தில் நின்று பார்த்தேன். வூஃபருக்குப் பின்னால் இன்னொரு வூஃபர், அதற்குப் பின்னால் என் முகம். டிக்கி சீட்டு வரைக்கும் காலியாகக் கிடப்பது போலத்தான் தெரிந்தது. உண்மையில் பாதி டிக்கிதான் இருந்தது.

போன வருடம் அண்ணாச்சி ஒரு சிவப்புக் கார் கொண்டுவந்தார். அதற்கு முன்னால் கேரளா நம்பர் வண்டி ஒன்று. இரண்டுக்கும் அப்பா முகக்கண்ணாடிதான் வைத்தார். இரண்டின் ஓரத்தையும் நான்தான் தேய்த்தேன்.

சீட்டைப் பழையபடி நிமிர்த்தி வைத்துவிட்டேன். திருகாணியை எடுக்கவில்லை.

ஜூன் 28, சனி

அண்ணாச்சி வந்திருந்தார். நான் அடுக்களையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். கடைக்கும் அடுக்களைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள்.

"இதோட என்னைய விட்டுருங்க அண்ணாச்சி" என்றார் அப்பா.

"மொத வண்டிக்கு நீரு ஏன் எதுக்குன்னு கேட்டீரா? கேக்கல. ரெண்டாவது வண்டிக்கும் கேக்கல. மூணாவதுக்கு மட்டும் என்னவே திடீர்னு?"

"பிள்ள வளந்துட்டா. கூடவே நின்னு வேல பாக்கா. அவ கண்ணுல படுது."

"அப்பம் கண்ண மூடிக்கிடச் சொல்லும்." அண்ணாச்சி கோபமாகப் பேசவில்லை. கடைக்கு வருகிறவர்கள் விலை விசாரிப்பது போலத்தான் பேசினார். "சொரிமுத்து, நான் மாட்டுனா அந்த ரெண்டு வண்டியும் யாரு கைவேலைன்னும் சேத்துத்தான் போலீஸ்காரன் கேப்பான். டிரைவர் புதன்கெழம காலைல வருவான். வண்டி ரெடியா இருக்கட்டும்."

அண்ணாச்சி போன பிறகு நெடுநேரம் உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் கேட்டது. தேய்ப்பதற்கு அங்கே ஒன்றும் மீதியில்லை. எல்லாவற்றையும் நான் ஞாயிற்றுக்கிழமையே முடித்துவிட்டேன்.

ஜூன் 30, திங்கள்

வகுப்பு ஆசிரியை சண்முகவடிவு டீச்சரிடம் சொல்லலாம் என்று ஆசிரியர் அறை வரைக்கும் போனேன். "என்ன பேச்சி?" என்றார். "மின்விசிறி ஓடல டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னால் அப்பாவைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

ஜூலை 1, செவ்வாய்

ஜன்னலைப் பொருத்தியாகிவிட்டது. வெயிலில் அக்ரிலிக் விரியும் என்பதால் திருகாணியை விடத் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, ரப்பர் வளையம் வைத்துத்தான் அப்பா முடுக்குவார். காகிதத்தை உரித்ததும் நடுவில் ஒன்றுமே இல்லாதது போல இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்துத்தான் நம்ப முடிந்தது.

அப்பா குளிக்கப் போகும்போது, "விரல் ரேகையெல்லாம் கெடக்கு, தொடச்சி வையி" என்றார்.

துடைத்து வைத்தேன்.

ஜூலை 2, புதன்

பள்ளிக்குப் புறப்படும் நேரத்தில் அண்ணாச்சியும் டிரைவரும் வந்தார்கள். அப்பா டிக்கியைத் தூக்கி விளக்கைப் போட்டார்.

நான்கு ஓரங்களிலிருந்தும் நடுவை நோக்கி விரிசல் ஓடியிருந்தது. பெரிய விரிசல் இல்லை. சிலந்தி வலைபோல, மயிரிழைபோல, ஆயிரக்கணக்கில். நீல விளக்கு அவை எல்லாவற்றிலும் ஏறிக்கொண்டு, உள்ளே இருந்தது எதுவும் தெரியவில்லை. துளைகளைச் சுற்றிச் சூரியன் வரைந்தது போல இருந்தது.

"என்னவே இது?" என்றார் அண்ணாச்சி.

அப்பா ஓரத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு தரையில் கிடந்த துடைக்கிற துணியைப் பார்த்தார். நான் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"நாந்தான் அண்ணாச்சி. ஞாபகமில்லாம தின்னரப் போட்டுத் தொடச்சிட்டேன்."

"நீரு."

"ஆமா."

"இருவது வருசமா இதே வேல பாக்கீரு நீரு."

"கை மறந்து போச்சி."

அண்ணாச்சி குனிந்து அந்தத் துணியை எடுத்தார். முகர்ந்து பார்த்தார். பிறகு அதை அப்பாவின் தோளில், துண்டு போடுவது போல நிதானமாகப் போட்டார்.

"டிரைவருக்கு இன்னைய விட்டா வேற நாள் கெடையாது. சரி. அவன் வேண்டாம். நீரே ஓட்டிட்டுப் போரும். அப்பம்தான் கை மறக்காது."

"அண்ணாச்சி!"

"தனியாப் போகாண்டாம். வீட்டாளுகளயும் கூட்டிட்டுப் போரும். பொம்பளப்பிள்ள பின்னால உக்காந்திருந்தா எவனும் சீட்டத் தூக்கச் சொல்ல மாட்டான்." அப்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பள்ளிக்கூடத்துக்கு நேரமாகலயா தாயி?"

நடந்துபோகும்போது என் விரல்களில் தின்னர் வாசனை இன்னும் இருந்தது. சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியும் போகவில்லை. நிறுத்திவிடலாம் என்று நினைத்துச் செய்தேன். இப்போது நானே அந்தக் காரில் உட்காரப்போகிறேன்.

ஜூலை 3, வியாழன்

தின்னர் டப்பா வழக்கமான இடத்தில் இல்லை. அப்பா அதை எனக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஜூலை 6, ஞாயிறு

புது ஷீட் வந்தது. என்னை ஓரம் தேய்க்கக் கூப்பிடவில்லை. அவரே தேய்த்தார்.

அம்மாவிடம் இன்றுதான் சொன்னார். என்னை மாடிக்குத் துணி காயப்போட அனுப்பிவிட்டுச் சொன்னார். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அம்மா கத்துவாள் என்று நினைத்தேன்.

"பிள்ளையயுமா?" என்று மட்டும் கேட்டது.

"ஒரே நாளு கோமதி. போயிட்டு வந்துட்டா அதுக்கப்புறம் கடைய மாத்திருவோம். எங்கயாச்சும் போயிருவோம்."

"ரெண்டு வண்டி செய்யும்போதே எங்கிட்டச் சொல்லியிருந்தா அப்பமே போயிருக்கலாம்லா."

மாடியில் துணியைக் காயப்போட்டதும் மழை வந்துவிட்டது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்தேன்.

ஜூலை 9, புதன்

ஏற்பாடு எல்லாம் அண்ணாச்சியுடையது. புனலூரில் இருக்கிற பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு. நாங்கள் சீர் கொண்டுபோகிறோம். ஆடி பிறந்துவிட்டால் யாரும் வளைகாப்பு வைக்க மாட்டார்கள், அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் புனலூரில் பெரியம்மாவே கிடையாது.

அம்மா கடைத்தெருவுக்குப் போய்ப் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல் வாங்கி வந்தாள். தாம்பாளத்தில் அடுக்கும்போது, "இல்லாத பிள்ளைக்கு வளையல் வாங்கிட்டு வாரேன். என்னத்துல கொண்டுபோய் முடியுமோ" என்றாள். பிறகு அடுக்கியதைக் கலைத்து மறுபடி அடுக்கினாள்.

சாயங்காலம் அண்ணாச்சி வந்து என்னை எதிரில் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார்.

"எங்க போறிய?"

"புனலூருக்கு."

"யாருக்கு?"

"பெரியம்மா... மகளுக்கு."

"எத்தன மாசம்?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "ஒம்பது" என்றேன்.

"ஏழுன்னு சொல்லு. ஒம்பதுன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும்." சிரித்தார். "பரீட்சைக்குப் படிக்கல்ல, அதே மாதிரி படி. உங்கப்பா வீட்டுக்குத் திரும்பி வாரதும் வராததும் ஒன் வாயிலதான் இருக்கு."

அப்பா அங்கேதான் நின்றார். கையில் ஸ்குரூடிரைவரைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஜூலை 10, வியாழன்

ஏழாம் மாதம். அக்கா பெயர் சிவகாமி. அத்தானுக்கு ரப்பர் தோட்டத்தில் வேலை. அக்காவுக்கு மாங்காய் பிடிக்கும்.

மாங்காயை நானே சேர்த்துக்கொண்டேன்.

ஜூலை 12, சனி

நேற்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டு போன கார் இன்று திரும்பி வந்துவிட்டது. பின்பக்கம் தாழ்ந்திருந்தது. அப்பா பின்டயர்களுக்குக் காற்று ஏற்றினார், தாழ்வு தெரியாமல் இருக்க.

டிக்கியைத் தூக்கி ஜன்னலை ஒருமுறை சோப்புத் தண்ணீரில் துடைத்தார். அப்பா செய்ததிலேயே இதுதான் அழகான வேலை. அப்படித் தோன்றியதற்காக எனக்கு என் மேலேயே கோபம் வந்தது.

ஜூலை 13, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் அம்மா எனக்குத் தலை பின்னிப் பூ வைத்தாள். பின்னல் கோணலாக வந்தது. நான் பின்சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். மடியில் வளையல் தாம்பாளம். பக்கத்தில் பழத்தட்டும் கட்டுச்சோற்றுத் தூக்குகளும். என் முதுகுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் யோசிக்கவில்லை. சாய்ந்து உட்காராமல் நிமிர்ந்தே வந்தேன்.

செங்கோட்டை தாண்டியதும், "அப்பா, அந்தத் தின்னர் நாந்தான்" என்றேன்.

"தெரியும்ட்டி."

சாரல் விட்டுவிட்டு அடித்தது.

மலையடிவாரத்துச் சோதனைச் சாவடியில் கயிற்றை இறக்கி நிறுத்தினார்கள். மழைக்கோட்டுப் போட்ட ஏட்டு ஒருவர் வந்து டிக்கியைத் திறக்கச் சொன்னார். அப்பா இறங்கிப் போனார். பின்கண்ணாடி வழியே டிக்கி மூடி எழும்புவதைப் பார்த்தேன்.

"எய்யா, தியேட்டரையே உள்ள வச்சிருக்கீரே! எங்க, ஒரு பாட்டப் போடும் பாப்போம்."

பாட்டு வந்தது. என் முதுகுத்தண்டு வரை அதிர்ந்தது. ஏட்டு சிரிப்பது கேட்டது. அண்ணாச்சி சொன்னது அப்படியே நடந்தது. அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்பா திரும்பி வந்து உட்கார்ந்ததும், என் பக்கத்து ஜன்னலை யாரோ தட்டினார்கள். ஒரு பெண் போலீஸ். அம்மாவை விடச் சின்னவர். நான் கண்ணாடியை இறக்கினேன்.

"எங்கம்மா கௌம்பிட்டிய, இம்புட்டுப் பூவும் பழமுமா?"

"புனலூருக்குக்கா. பெரியம்மா மகளுக்கு வளைகாப்பு."

நாக்கு ஒட்டவில்லை. தானாக வந்துகொண்டே இருந்தது. "சிவகாமி அக்கா. ஏழாம் மாசம். அத்தானுக்கு ரப்பர் தோட்டத்துல வேல. கல்யாணமாகி ரொம்ப வருசம் கழிச்சி உண்டாயிருக்காவ. மாங்காய் வேணும்னு தெனமும் ஃபோனு. நாந்தான் மொத வளையல் போடணும்னு சொல்லியிருக்காவ."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

அந்த அக்கா தாம்பாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஏட்டு நிற்கிற பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எத்தன வருசம் கழிச்சி?"

"எட்டு வருசம்."

"எனக்கும் ஆறு வருசமாச்சி." கொஞ்சம் தயங்கினார். "வளைகாப்பு வளையல் போட்டா நடக்கும்னு எங்க மாமியா சொல்லிக்கிட்டே இருப்பா. டூட்டில இருந்துக்கிட்டு எந்த வளைகாப்புக்குப் போக? எனக்கு ஒரு சோடி தருவியாம்மா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முன்னால் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பச்சையில் இரண்டு எடுத்தேன். அவர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை ஜன்னலுக்குள் நீட்டினார். மழையில் நனைந்து ஜில்லென்று இருந்தது. கடிகாரத்தைத் தாண்டி வளையல் ஏறவில்லை. அவரே கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி நீட்டினார். உடையாமல், மெதுவாக, விரல்களைச் சேர்த்துப் பிடித்துப் போட்டுவிட்டேன். நடுவில் என்ன சொல்ல வேண்டுமோ அதையும் சொன்னேன். "அடுத்தது உங்க வளைகாப்புதாங்கா" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் கன்னத்தைத் தொட்டார். "போயிட்டு வாங்க" என்று கயிற்றைத் தூக்கச் சொன்னார்.

முடிந்துவிட்டது. நாங்கள் தாண்டிவிட்டோம். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துச் சிரித்தேன். நான் சொன்னது சரிதானே என்று கேட்பது போல. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்த்தாரோ தெரியாது.

மலைப்பாதையில் முதல் வளைவில் வண்டியை ஓரம் கட்டினார். இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனது.

"ஏங்க?" என்றாள் அம்மா.

"அந்தப் பொண்ணு கடியாரத்தக் கழட்டிட்டு கைய நீட்டுச்சி பாத்தியா?"

அம்மா பின்னால் திரும்பி என் மடியிலிருந்த தாம்பாளத்தை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்பா வண்டியைத் திருப்பினார்.

"வேண்டாம்ப்பா" என்றேன். "அப்பா, தாண்டிட்டோம்லா! அவ்வோ நம்பிட்டாவ. நான் சரியாத்தானப்பா சொன்னேன்?" கத்தினேன் என்று நினைக்கிறேன். அவர் தோளைப் பிடித்து இழுத்தேன். அவர் ஓட்டிக்கொண்டே இருந்தார். என் கையை எடுத்துவிடவும் இல்லை.

கயிற்றுக்கு முன்னால் நிறுத்தி இறங்கினார். "டிக்கியத் தொறக்கணும் சார்."

"அதான் பாத்தாச்சேவே, போரும் போரும்."

"இல்ல சார். நீங்க இன்னும் பாக்கல."

ஸ்குரூடிரைவரை எடுத்தார். நான் இறங்கி மழையில் நின்றேன். அப்பா ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். கீறல் விழாமல் ஜன்னலைத் தூக்கித் தன் துண்டை விரித்து அதன் மேல் வைத்தார். இனி அதை யார் பார்க்கப்போகிறார்கள் என்று அப்படி வைத்தாரோ. பிறகு வூஃபரை எடுத்தார். பிறகு முகக்கண்ணாடியை. அதன் பின்னால் கஞ்சாப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன.

ஏட்டு விசிலை எடுத்து ஊதினார்.

ஜூலை 14, திங்கள்

நேற்று ராத்திரி பாதியில் நிறுத்தியதை இன்று எழுதுகிறேன். இப்போது அம்மாவும் நானும் அம்பாசமுத்திரத்தில் மாமா வீட்டில் இருக்கிறோம். அம்மா தூங்கவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். நான் எழுதுவது அவளுக்குத் தெரியும்.

நேற்று சாவடி அறையில் பெஞ்சில் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். அப்பாவை உள்ளே கூட்டிப் போயிருந்தார்கள். அவர் பேசுகிற சத்தம் கேட்டது. அந்த இரண்டு வண்டிகளைப் பற்றி, யாரும் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாச்சியின் பெயரையும் சொன்னார். அம்மாவுக்கும் எனக்கும் எதுவும் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

பெண் போலீஸ் அக்கா எங்களுக்கு டீ கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுப் போகாமல் என் எதிரில் நின்றார்.

"யாருக்குமே வளைகாப்பு இல்லையா?"

"இல்லக்கா."

"அந்த அக்கா, மாங்காய்னு சொன்னியே?"

"அப்படி யாரும் இல்லக்கா."

அவர் தன் கையைப் பார்த்தார். வளையலைக் கழற்றப் போனார். விரல் முட்டியில் மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரம் முயன்றுவிட்டு, பிறகு சட்டைக் கையை அதன் மேல் இறக்கிவிட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அம்மா டீயை என்னிடம் நீட்டி, "குடி" என்றாள். குடித்தேன். அதன் பிறகுதான் அழுகை வந்தது.

ஜூலை 19, சனி

அண்ணாச்சியைத் தேடுகிறார்கள் என்று மாமா சொன்னார். கடையைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டார்கள். யாரோ ஷட்டரில் கல் எறிந்திருக்கிறார்கள். இங்கே வாசலில் பைக் சத்தம் கேட்டால் அம்மா என்னை உள்ளே போகச் சொல்கிறாள்.

ஜூலை 22, செவ்வாய்

இந்த ஊர்ப் பள்ளியில் சேர்த்துக்கொள்வார்களாம். மாற்றுச் சான்றிதழ் வேண்டும்.

ஜூலை 28, திங்கள்

ஜெயிலில் அப்பாவைப் பார்த்தோம். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்றார். எங்கள் இரண்டு பக்கமும் வேறு குடும்பங்கள் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் நாங்களும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. அம்மா வக்கீல் சொன்னதைச் சொன்னாள். முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். தாடி வளர்ந்திருந்தது. ஆனால் அவர் நேராக என் முகத்தைப் பார்த்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் அப்படிப் பார்க்கிறார்.

நேரம் முடிந்துவிட்டது என்று காவலர் சொன்னபோது, இத்தனை நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"அப்பா, அன்னைக்கு நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. காதை வலையோடு ஒட்டி வைத்துக்கொண்டார். மறுபடி கேட்டேன்.

"இல்லட்டி" என்றார். "ஒரு தப்பு கூட இல்லாமச் சொன்ன."

சொல்லும்போது அவர் முகம் உடைந்துவிட்டது. காவலர் தோளைத் தொட்டதும் திரும்பி உள்ளே நடந்தார்.